கப்பலில் வந்த கிழங்கு

எனக்கு ஒரு வியாதி உண்டு. இப்போதும் உண்டு, ஆனால் அந்த நாளில் நன்றாக முற்றிப் போயிருந்தது. எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள், அதற்கு முன்னால் நம் ஆட்கள் எதை வைத்துச் சமாளித்தார்கள் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தெரிந்துகொண்ட பிறகு அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் நடத்திக்கொண்டிருந்தேன். நாற்பது பிள்ளைகள் தப்பிக்க வழியில்லாமல் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். இந்த வியாதிக்கு அதைவிட நல்ல தீனி எங்கே கிடைக்கும்?

பள்ளிக்கூட லைப்ரரியில் அட்டை பிய்ந்துபோன இங்கிலீஷ் கலைக்களஞ்சியம் ஒரு வரிசை இருந்தது. மற்ற டீச்சர்கள் அதன் மேல் டிபன் பாக்ஸ் வைப்பார்கள். நான் மதிய இடைவேளையில் ஒவ்வொரு தொகுதியாக எடுத்துப் படித்துவிட்டு, மூன்றாவது பீரியடில் பானிப்பட்டுப் போர் நடத்த வேண்டியவள் முந்திரிக்கொட்டை பிரேசிலிலிருந்து வந்த கதையை நடத்திவிட்டு வருவேன். மின்சார ரயிலில் போனாலும் வாய் சும்மா இருக்காது. பல்லாவரம் வந்ததும், "இங்கதாங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரர் சரளைக் குழியிலேர்ந்து ஒரு கல்லை எடுத்தார். பார்த்தா ஆதி மனுஷன் செதுக்கின கோடாலி!" என்பேன். பரங்கிமலை வந்தால், தேசத்தையே அளந்த பெரிய சர்வேக்கு அங்கேதான் முதலில் சங்கிலி போட்டு அளந்தார்கள் என்பேன். பக்கத்தில் இருக்கும் அம்மாள் மீனம்பாக்கத்திலேயே இடம் மாறி உட்கார்ந்திருப்பாள்.

"உன் கண்ணுல படற சாமானுக்கெல்லாம் பாஸ்போர்ட் போட்டுக் குடுத்துடுவே போலிருக்கே" என்பார் என் வீட்டுக்காரர். அவர் குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தார். காப்பி குடிக்கும்போது காப்பிக் கொட்டை அரபுநாட்டிலிருந்து வந்ததைப் பற்றி நான் ஆரம்பித்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

நான் சொல்வதை ஆசையாகக் கேட்ட ஒரே ஜீவன் பக்கத்துப் போர்ஷன் மாமிதான். கிழக்குத் தாம்பரத்தில் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து, முன்பக்கம் எங்களுக்கும் பின்பக்கம் அவர்களுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். கிணறு பொது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்கள் ஐயர் வீடு. மாமி என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் எனக்கு அவள் மாமிதான், அவளுக்கு நான் டீச்சர்தான். மாமாவுக்கு ரயில்வேயில் ஷிப்ட் வேலை. வாய் திறந்து பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கிணற்றடியில் மிளகாயின் கதையைச் சொன்னேன். மிளகாய் நம் ஊர்ச் சாமானே இல்லை, அமெரிக்காவில் இருந்தது, போர்ச்சுகீசியர் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள், அதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் மிளகுதான் என்றேன். மாமி வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதானா! எங்காத்துல தெவசத்துக்கு மிளகுதான் போடணும், மிளகாய் கூடாது. உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது, கோஸ் கூடாது. ஏன்னு கேட்டா, கூடாதுன்னா கூடாதுன்னு என் மாமியார் இருந்தவரைக்கும் சொல்லிட்டுப் போயிடுவா. எல்லாம் கப்பல்ல வந்ததுதானா டீச்சர்?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அடேயப்பா! ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழ் வீட்டு அடுப்பில் என்ன கொதித்ததோ, அது வருஷத்துக்கு ஒரு நாள் அப்படியே இந்தப் பின்பக்கத்துப் போர்ஷனில் கொதிக்கிறது! எந்தப் புஸ்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை, நானே கண்டுபிடித்தது. மறுநாள் ஸ்டாப் ரூமில் சொன்னேன், ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களை நிறுத்திச் சொன்னேன். ‘கப்பலில் வந்தது வேண்டாம், நம் மண்ணில் பிறந்தது வேண்டும், திவசச் சமையலின் சட்டம் இதுதான்’ என்று ஒரே போடாகப் போட்டேன். சட்டம் நானே எழுதியது என்பதால் எனக்கு அதன்மேல் அபார நம்பிக்கை.

அந்த ஐப்பசியில்தான் மாமிக்குச் சோதனை வந்தது. மாமனார் போய் நாலு வருஷம். திவசம் எப்போதும் மாம்பலத்தில் மூத்த பிள்ளை வீட்டில் நடக்கும். அந்த வருஷம் அவர்கள் வீட்டுத் தளம் ஒழுகி, மாடியைக் கொத்திப் போட்டிருந்ததால், தாம்பரத்தில் செய்யலாம் என்று முடிவாயிற்று. மாமிக்குக் கை கால் ஓடவில்லை. ஓரகத்தி, அதாவது மூத்தவர் மனைவி, சமையலில் புலி, குற்றம் கண்டுபிடிப்பதில் அதைவிடப் பெரிய புலி என்று மாமி என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"கறிகாயை என்கிட்ட விட்டுடுங்க மாமி. சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான், மார்க்கெட் வழியாத்தான் வருவேன்" என்று நானாகப் போய் ஏற்றுக்கொண்டேன். மாமி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். வாழைக்காய், அவரைக்காய், புடலங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, இஞ்சி, பிரண்டை, கறிவேப்பிலை. கடைசியில், மற்றதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

தாம்பரம் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் அம்மாவின் கடையில் அன்றைக்குச் சர்க்கரைவள்ளி குவிந்து கிடந்தது. சிவப்பாக, மண்ணோடு, பார்க்கவே அழகு. கை நீட்டினவள் அப்படியே நின்றுவிட்டேன். சர்க்கரைவள்ளியா? அதுவும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததுதானே! கலைக்களஞ்சியத்தில் நான் என் கண்ணால் படித்தேனே! ஐயோ பாவம், மாமி தெரியாமல் எழுதிவிட்டாள். ஓரகத்தி வந்து இலையைப் பார்த்து, இது எப்படி வந்தது என்று கேட்டால் இவள் மானம் கப்பலேறிவிடுமே!

கடைக்கார அம்மாவுக்கும் விளக்கமாகச் சொன்னேன். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "வாணாம்னா வுடு. இன்னாத்துக்கு இம்மா நேரம் பேசிக்கினு கீற?" என்றாள். சர்க்கரைவள்ளிக்குப் பதிலாக, சுத்த நம் தேசத்துச் சரக்காக, முருங்கைக்காய் ஒரு கட்டும் கத்தரிக்காய் ஒரு கிலோவும் வாங்கினேன். ஒரு சிநேகிதியைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தோடு வீட்டுக்கு நடந்தேன்.

மாமி பையைக் கவிழ்த்தாள். முருங்கைக்காயைத் தொடாமலே விரலால் காட்டினாள்.

"இது யாருக்கு டீச்சர்?"

"திவசத்துக்குத்தான் மாமி. பொறந்தது வளர்ந்தது எல்லாம் நம்ம ஊரு. கப்பல் வாசனையே கெடையாது."

"எங்காத்துல தெவசத்துக்கு முருங்கைக்காய் ஆகாது. கத்திரிக்காயும் ஆகாது."

"ஏன்?"

"ஏன்னு யாருக்குத் தெரியும்? ஆகாது." அவள் பையை மறுபடி உதறிப் பார்த்தாள். "சக்கரவள்ளி எங்கே?"

நான் சொன்னேன். கப்பல், போர்ச்சுகீசியர், அமெரிக்கா, எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அவள் முகம் மாறிவிட்டது. கோபப்படுவாள் என்று பார்த்தேன். கோபமில்லை, கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"எந்தக் கப்பல்ல வந்தா எனக்கென்ன டீச்சர்? எங்க மாமனாருக்குச் சக்கரவள்ளின்னா உசிர். கடைசியா உடம்புக்கு முடியாம இங்கதான் படுத்துண்டிருந்தார். சர்க்கரை வியாதி. ‘ஒரே ஒரு துண்டு குடும்மா, என் சுண்டு விரல் அளவு போறும்’னு கேட்டார். டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்கார்ப்பான்னுட்டேன். அன்னிக்கு ராத்திரியும் கேட்டார். இல்லேன்னுட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரி பக்கமா இருக்கும்னு மாம்பலத்துக்கு அழைச்சுண்டு போனா. பத்து நாள்ல போயிட்டார். தெவசத்துக்குச் சேப்பங்கிழங்கு மாதிரி சக்கரவள்ளியும் எங்காத்துல உண்டு. ஆனா மாம்பலத்துல ஒரு வருஷம்கூட அவ பண்ணலை. நான் எப்படிக் கேப்பேன்? இந்த வருஷம்தான் என் கையில வந்தது. ஒரு தடவை அவர் எலையில போட்டுடணும்னு இருந்தேன்."

எனக்கு அப்படியே நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசிப் பேசி, எதிரே இருப்பவள் வாயைத் திறந்து சொல்லும் முன்னால் எனக்கே எல்லாம் தெரியும் என்ற திமிர் வந்துவிட்டதே! "நாளைக்குக் காலையில கொண்டுவரேன் மாமி" என்றேன். அன்றைக்குச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் முருங்கைக்காய்க் குழம்பைப் பிசைந்துகொண்டே, "இது எந்த ஊர்லேர்ந்து வந்ததுன்னு சொல்லலியே?" என்றார். நான் இன்னொரு கரண்டி குழம்பை அவர் தட்டில் ஊற்றினேன்.

ராத்திரி பிடித்த மழை ஞாயிற்றுக்கிழமை காலையிலும் விடவில்லை. குடையோடு மார்க்கெட்டுக்கு ஓடினேன். பாதிக் கடை சாக்குப்படுதா போட்டு மூடிக் கிடந்தது. அந்த அம்மா தார்ப்பாயின் கீழே குந்தியிருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, நேத்து கொட்டிக் கெடந்துச்சு, வாணான்ட்டு பெரிய லெக்சர் குட்த்துட்டுப் போன. இன்னிக்கு நனைஞ்சிக்கினு ஓடியார்ற? அல்லாம் வித்துப் பூட்ச்சு. மழைக்கு லோடும் வர்ல. அமெரிக்காக்காரன்துன்னியே, அங்கயே போயி வாங்கிக்க."

இன்னும் நாலு கடை பார்த்தேன். உருளைக்கிழங்கு இருந்தது, கருணைக்கிழங்கு இருந்தது. சர்க்கரைவள்ளி ஒரு துண்டு கிடையாது. திங்கட்கிழமை திவசம். நனைந்த புடவையோடு வீட்டுக்கு வந்து, மாற்றிக்கொண்டு, மாமியின் பக்கம் திரும்பிப் பார்க்காமலே சர்ச்சுக்குக் கிளம்பினேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அன்றைக்கு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வருஷத்துக்கு ஒரு தரம், அவரவர் தோட்டத்திலும் வயலிலும் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் படைப்பார்கள். தோட்டமில்லாதவர்கள் கடையில் வாங்கியாவது வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். இந்த வழக்கம் எங்கே ஆரம்பித்தது என்பதைப் பற்றிக்கூட என்னிடம் ஒரு பிரசங்கம் உண்டு, அதை விடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். கரும்பு, வாழைத்தார், பூசணி, இரண்டு சேவல், அவற்றுக்கு நடுவில் ஒரு மூங்கில் கூடை நிறைய சர்க்கரைவள்ளிக் கிழங்கு! கேளம்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் வைத்தது. பாஸ்டர் ஐயா என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. என் கண் கூடையை விட்டு நகரவில்லை.

ஏலம் விடுபவர் ரிட்டயரான ரயில்வே கார்டு. ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ சொல்லி, மூன்றாவதுக்குப் பதிலாக ரயில் விசிலை ஊதுவார். கூடை வந்ததும் நான் எழுந்து நின்றே கேட்டேன். அதுதான் தப்பாகிவிட்டது. எனக்குப் பின்னால் மாதர் சங்கத்துச் செயலாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். "டீச்சரே எழுந்து நின்னு கேக்கறாங்கன்னா அந்தக் கிழங்குல ஏதோ விஷயம் இருக்கு" என்று பக்கத்தில் சொல்லிவிட்டு, அவரும் கேட்டார். நான் ஏற்றினேன். அவர் அதற்கு மேல் ஏற்றினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். "உடம்புக்கு ரொம்ப நல்லதா டீச்சர்? எந்த தேசத்துக் கிழங்கு?" என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். இத்தனை வருஷம் நான் பேசின பேச்செல்லாம் சேர்ந்து அன்றைக்கு அந்தக் கூடையின் விலையாக ஏறிக்கொண்டிருந்தது. கார்டு அண்ணாவுக்கு ஒரே குஷி.

பொறுக்க முடியவில்லை. "எனக்கில்லைங்க! எங்க பக்கத்து வீட்டு மாமிக்கு. நாளைக்கு அவங்க மாமனாருக்குத் திவசம். வாங்கித் தரேன்னு சொல்லிட்டு நான்தான் கெடுத்துட்டேன்" என்று கத்திவிட்டேன்.

பீடத்தில் படைத்தது, இன்னொரு மதத்துச் சடங்குக்கு! ஆத்திரத்தில் அதை நான் யோசிக்கவே இல்லை. எல்லோரும் பாஸ்டர் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். செயலாளர் அம்மாள்தான் முதலில் பேசினார். "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? எடுத்துட்டுப் போங்க டீச்சர்." கார்டு அண்ணா விசிலை ஊதினார்.

கூடையை என் வீட்டுக்காரர் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. சொல்லாமல் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஒரு சாமான் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. மாமியின் கையில் கொடுத்து, சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் வைத்த கிழங்கு, ஏலத்தில் எடுத்தேன், வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

மாமி கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"சுவாமிக்கு முன்னாடி வச்சதுதானே?"

"ஆமா."

"தெவசம் பண்ணிவைக்கற வாத்தியாரைக் கேட்டா கூடாதும்பார்." ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினாள். "கேக்கப்போறதில்லை. அலம்பிட்டுப் பண்ணிடறேன்." உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "டீச்சர், நாளைக்கு ஒரே ஒரு நாள், எந்தச் சாமான் எங்கேர்ந்து வந்ததுன்னு யார்கிட்டயும் சொல்லாம இருந்துடுங்கோ. உங்க கால்ல விழறேன்."

திங்கட்கிழமை லீவு போட்டேன். உள்ளே எனக்கு வேலையில்லை, போகவும் கூடாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தால் பாடம் ஓடாது. என் பக்கத்து அடுக்களையில் இருந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மந்திரம் கேட்டது, நெய் வாசனை வந்தது, மத்தியானம் இலை போடும் சத்தம் கேட்டது. பெண்கள் சாப்பிட்டு எழுந்திருக்க மூன்று மணியாகிவிட்டது. நான் கிணற்றடியில் பாத்திரம் துலக்குவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

ஓரகத்தி கை அலம்ப வந்தாள். உயரமானவள், வைர மூக்குத்தி, நிமிர்ந்த நடை. "நீங்கதான் டீச்சரா? கறிகாயெல்லாம் நீங்கதான் வாங்கிக் குடுத்தேளாமே" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எல்லாம் நன்னா இருந்தது. அந்தச் சக்கரவள்ளி எங்கேர்ந்து வந்தது?"

கொல்லை வாசற்படியில் மாமி அண்டாவோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் நாக்கில் அமெரிக்கா வந்தது, போர்ச்சுகீசியர் வந்தார்கள், பீடமும் விசிலும்கூட வந்துவிட்டன. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கேளம்பாக்கம்" என்றேன். "மணல் பூமி."

மாமி மூச்சுவிட்டு உள்ளே போனாள். ஓரகத்தியும் போய்விடுவாள் என்று பார்த்தேன். போகவில்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க மாமனாருக்கு அதுன்னா உசிர். கடைசிப் பத்து நாள் எங்காத்துல இருந்தார். தினம் கேட்டார், டீச்சர். குழந்தை மாதிரி. டாக்டர் கூடாதுன்னதால நான் குடுக்கலை. அவர் போனப்புறம் சக்கரவள்ளியைக் கையால தொடறதுக்கே எனக்கு மனசு வரலை. தெவசத்துக்குக்கூடப் பண்ணலை. இவளானா எல்லாருக்கும் முன்னாடி எலையில போட்டுட்டா. இவ அவரை ரொம்ப நன்னாப் பார்த்துண்டா. நான்தான் அந்தப் பாவத்தைப் பண்ணிட்டேன். அவகிட்ட சொல்லிடாதேங்கோ."

நான் தலையை ஆட்டினேன். மனதார ஆட்டினேன். ஐந்தரை மணி வண்டிக்கு அவர்கள் எல்லோரும் கிளம்பிப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் நானாவது, சொல்லாமல் இருப்பதாவது! வாசல் கேட் சாத்தின சத்தம் கேட்டதும் பின்பக்கம் ஓடினேன்.

மாமி அடுக்களையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் களைப்பும் நிம்மதியும். வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஓரகத்தி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"அவளுமா?" என்றாள்.

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு வருஷமா நான் ஒருத்திதான்னு நெனச்சுண்டிருந்தேன், டீச்சர். அடுத்த வருஷம் மாம்பலத்துக்கு நானே கிழங்கு வாங்கிண்டு போறேன். ஏன்னு கேட்டா அவளும் சொல்லணும், அதனால கேக்க மாட்டா."